மாதோட்டத்து மேடு

2025 மே 2-ம் தேதி விழிஞம் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த செய்தியை அன்பர்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். எங்கள் உதியன்குளங்கரையிலிருந்து விழிஞம் அதிக தூரமில்லை. காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பெரிய கப்பலில் வரும் சரக்கை இறக்கி, சிறிய கப்பல்களில் ஏற்றி மற்ற ஊர்களுக்கு அனுப்பும் துறைமுகம் இது. இந்தியாவுக்கு வரும் பெட்டகங்களில் கணிசமான பங்கு இதுவரை கொழும்பில் இறங்கி, மாற்றி ஏற்றப்பட்டுத்தான் வந்தது. இனி அந்த வருமானத்தில் ஒரு பகுதி நமக்குக் கிடைக்கும் என்று பத்திரிகைகள் எழுதின.

இந்தச் சரக்கு மாற்றும் தொழில் நம் கடலுக்குப் புதிதல்ல. விழிஞம் ஆய் மன்னர்களின் துறைமுகம். அங்குள்ள குடைவரை சுமார் 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் நெடுஞ்சடையனின் செப்பேடு விழிஞத்தை அவன் வென்றதைச் சொல்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையினர் அங்கே தோண்டியபோது, பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து வந்த நீண்ட ஜாடிகளின் சில்லுகள் கிடைத்தன. அடிப்பக்கம் கூம்பியிருப்பதால் இவற்றை டார்ப்பிடோ ஜாடிகள் என்பார்கள். (எங்கள் ஊர்ப் பெயரில் உள்ள 'உதியன்' சங்ககாலச் சேரன் உதியன்தான் என்று இங்கே பலர் பெருமையாகச் சொல்வார்கள். பெயர் ஒன்றை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை.)

அதே ஜாடிச் சில்லுகள் கிடைக்கும் மற்றோர் இடம் இலங்கையின் வடமேற்குக் கரையில், மன்னார் தீவுக்கு எதிரே உள்ள மாந்தை. நாம் மாதோட்டம் என்று தேவாரம் வழியாக அறிந்த ஊர் அதுதான். திருக்கேதீச்சரம் அங்கேதான் இருக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் ராமேஸ்வரத்திலிருந்தே அத்தலத்தைப் பாடினார்கள் என்பது மரபு. பாலாவித் தீர்த்தம் பதிகங்களில் வருகிறது. நம்மில் பலர் அந்தப் பெயரைச் சிறுவயது முதல் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் அந்த ஊருக்கு நம் காலத்தில் என்ன நடந்தது என்பதை நான் விசாரிக்கத் தொடங்கியது ஓய்வு பெற்ற பிறகுதான். பழைய இடிபாடு ஒன்றின் அருகே மனிதர்கள் வாழும் ஊரும் இருந்து, அங்கே போரும் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாதோட்டத்தைவிடத் தெளிவான உதாரணம் நம் பக்கத்தில் இல்லை. எனவே இக்கட்டுரை.

முதலில் இடத்தைப் பற்றி. ராமர் அணைத் திட்டுகள் காரணமாகப் பெரிய கப்பல்கள் பாக் நீரிணையைக் கடக்க முடியாது. மேற்கேயிருந்து வந்த கப்பலும் கிழக்கேயிருந்து வந்த கப்பலும் சரக்கை மாற்றிக்கொள்ள வசதியாக அமைந்த இடம் மாந்தை. உள்நாட்டுத் தலைநகரான அனுராதபுரத்துக்கும் அதுதான் துறைமுகம். பாலி நூல்களில் மகாதித்த என்று வருவதும் இதுவே. சீனப் பீங்கான், அரபு நாட்டு மெருகுப் பாத்திரம், நம் நாட்டு மணிகள் எல்லாம் ஒரே மேட்டில் கலந்து கிடக்கின்றன. அந்த மேடு குதிரை லாட வடிவில் வளைந்து கிடக்கிறது. அதைச் சுற்றி இரட்டை அகழி. நடுவில் கோவில். சோழர் ஆட்சியில் ஊருக்கு ராஜராஜபுரம் என்று பெயர். அங்கே ராஜராஜ ஈஸ்வரம் என்ற கோவிலைத் தாழிகுமரன் என்பவர் எடுப்பித்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. 11-ம் நூற்றாண்டுக்குப் பிறகு துறைமுகத்தின் பெருமை மங்கியது.

அதற்குப் பின் வந்ததெல்லாம் ஒருவர் வந்து மற்றவரை விரட்டிய கதை. 1544-ல் மன்னாரில் கத்தோலிக்கராக மாறிய அறுநூறு பேர் அளவில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். 1560-ல் போர்ச்சுகீசியர் மன்னார் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினர். திருக்கேதீச்சரம் அவர்கள் காலத்தில் அழிந்தது. அதன் கற்கள் அந்தக் கோட்டைச் சுவருக்குள் போயின என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் வந்தபோது முறை மாறியது. அவர்கள் கத்தோலிக்கரை விரட்டினர். மாந்தையில் மாதா கோவில் வைத்திருந்த இருபது குடும்பங்கள் 1670-ல் தங்கள் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் மறைந்தன என்பது வழக்கு. அந்தச் சிலை இருக்கும் இடம்தான் இன்று இலங்கை முழுவதும் பிரசித்தமான மடுமாதா கோவில். ஒரே ஊரிலிருந்து சைவர்களின் லிங்கம் மண்ணுக்குள்ளும், கத்தோலிக்கரின் சிலை காட்டுக்குள்ளும் போயிற்று. இதை அறிந்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது.

திருக்கேதீச்சரத்தை மீட்க வேண்டும் என்று 1872-ல் முதலில் குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். 1887-ல் மன்னாரில் அதிகாரியாக இருந்த போக் என்ற ஆங்கிலேயர் மேட்டைத் தோண்டிப் பார்த்து எழுதினார். காடாகிக் கிடந்த நிலத்தைச் சைவர்கள் 1893-ல் ஏலத்தில் வாங்கினர். அடுத்த ஆண்டே பழைய லிங்கம் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. 1903-ல் சிறிய கோவில் ஒன்று அமைந்தது. 1920-களில் தொல்லியல் ஆணையர் ஹோகார்ட்டும், 1950 வாக்கில் சண்முகநாதனும் மேட்டில் அகழாய்வு செய்தனர்.

இங்கே அரசுப் பணியில் இருந்தவன் என்ற முறையில் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். சர் கந்தையா வைத்தியநாதன். சுதந்திர இலங்கையில் பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சின் நிரந்தரச் செயலாளராக இருந்தவர். பின்னர் அமைச்சராகவும் இருந்தார். 1948-ல் திருக்கேதீச்சரத் திருப்பணிச் சபை உருவானதில் முன் நின்றவர் அவரே. பதவிகளை விட்ட பிறகு 1965-ல் காலமாகும் வரை அவருடைய உழைப்பு அங்கேயே இருந்தது. கோப்புகளைப் பார்த்துப் பழகிய கை எந்தக் காரியத்தையும் இழுத்தடிக்கும் என்று நம்மைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. இவர் விஷயத்தில் அது பொருந்தவில்லை. அவர் தொடங்கிய பணியின் பலனாக 1976-ல் பெரிய கும்பாபிஷேகம் நடந்தது. மடங்கள் எழுந்தன. சிவராத்திரிக்குப் பல்லாயிரம் பேர் பாலாவியில் நீராடி, அந்த நீரைக் கையால் சுமந்து சென்று லிங்கத்துக்கு அபிஷேகம் செய்தனர்.

அந்தக் காலத்தில் நம் நாட்டிலிருந்து போவதும் எளிது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து போட் மெயில் என்ற பெயரில் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல், மீண்டும் கொழும்புக்கு ரயில். ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனது. என் பெரியப்பா தலைமுறையில் கொழும்பில் கணக்கு எழுதப் போனவர்கள் எல்லோரும் அந்த வழியாகவே போய் வந்தார்கள். 1980-களின் நடுவில் சண்டை காரணமாக அதுவும் நின்றது.

மாந்தை மேட்டில் நடந்த மிக விரிவான அகழாய்வு ஜான் கார்ஸ்வெல் குழுவினருடையது. 1980-ல் தொடங்கி 1984 வரை நடந்தது. அந்த ஆண்டு மன்னார்ப் பகுதியில் கண்ணிவெடியும் பழிவாங்கலுமாகச் சண்டை முற்றியது. டிசம்பர் 4-ம் தேதி ஒரே நாளில் மன்னார் சாலைகளில் பொதுமக்கள் பலர் ராணுவத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அகழாய்வு அத்துடன் நின்றது. அதன் முழு அறிக்கை புத்தகமாக வெளிவந்தது 2013-ல். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்! நான் பி.எஸ்ஸி. படித்த காலத்தில், சோதனையைச் செய்த அன்றே குறிப்பேட்டில் எழுதாவிட்டால் பேராசிரியர் மதிப்பெண் தரமாட்டார். ஒரு போர் எத்தனை பேருடைய குறிப்பேட்டை மூடி வைத்தது என்று யாரும் கணக்கு எடுப்பதில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. ஆகஸ்டுக்குப் பிறகு திருக்கேதீச்சரம் பகுதி ராணுவத்தின் கைக்குப் போயிற்று. ஊர் காலியாயிற்று. கோவிலும் மடங்களும் பாதுகாப்பு வலயத்துக்குள் சிக்கின. நித்திய பூஜை தடைப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் நான் குடும்பத்துடன் ராமேஸ்வரம் போயிருந்தேன். பேசாலை, தலைமன்னார் பக்கத்திலிருந்து படகில் வந்தவர்களை மண்டபம் முகாமுக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வயதான மாமி ஒருத்தி, தாம்பாளம் போன்ற ஒரு பெரிய பித்தளைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அதில் ஒன்றும் இல்லை. வெறும் தட்டுதான்.

அதே அக்டோபர் மாதத்தில் வேறொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு முழுமையாகாது. வடமாகாணத்தில் இருந்த முஸ்லிம்கள் அனைவரையும், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, விடுதலைப்புலிகள் சில நாட்களுக்குள் வெளியேறச் சொல்லி விரட்டினர். மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களிலிருந்தவர்கள் படகேறிக் கல்பிட்டியில் இறங்கினார்கள். அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரங்கள் மன்னாரில் இன்றும் நிற்கின்றன. அந்த வணிகர்களின் வழிவந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட குடும்பங்கள் இருபது ஆண்டுகள் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் இருந்தனர்.

காட்டுக்குள் போன மாதாவுக்கும் நிம்மதி இல்லை. மடுக்கோவில் அகதிகளால் நிறைந்திருந்தது. 1999 நவம்பர் 20-ம் தேதி இரவு அங்கே குண்டு விழுந்து நாற்பது பேர் அளவில் இறந்தனர். 2008 ஏப்ரலில் போர்முனை நெருங்கியபோது குருமார்கள் சிலையைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டி கோவிலுக்குப் போனார்கள். 1670-ல் செய்ததையே 338 ஆண்டுகளுக்குப் பின் திரும்பச் செய்தார்கள். அதே ஆண்டு மே மாதம் திருக்கேதீச்சரத்துக்கு அருகில் உள்ள அடம்பனை ராணுவம் பிடித்தது. கட்டுக்கரைக் குளத்தை நம்பிய நெல்வயல் பூமி அது. வயலெல்லாம் மிதிவெடி. போர் முடிந்தபின் அவற்றை அகற்ற வந்தவர்களில் நம் நாட்டு முன்னாள் ராணுவத்தினரின் குழுக்களும் இருந்தன.

இடிபாட்டருகே உள்ள ஊர் என்றதும் உலகம் நினைப்பது சிரியாவில் உள்ள பல்மைராவைத்தான். அங்கே பழைய பேல் கோவில் முற்றத்துக்குள்ளேயே வீடு கட்டி வாழ்ந்த கிராமத்தாரை 1930 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற்றி, பக்கத்தில் தத்மூர் என்ற புதிய ஊரை அமைத்தனர். அந்த ஊரின் சிறையில் 1980 ஜூன் 27 அன்று நூற்றுக்கணக்கான கைதிகள் கொல்லப்பட்டனர். அப்போது உலகம் பெரிதாகப் பேசவில்லை. 2015-ல் ஐ.எஸ். தீவிரவாதிகள் ஊரைப் பிடித்து, நாற்பது ஆண்டுகள் அந்த இடிபாடுகளைப் பாதுகாத்த முதியவர் காலித் அல் அஸாதைக் கொன்று, கோவிலை வெடிவைத்துத் தகர்த்தபோதுதான் எல்லாத் தொலைக்காட்சிகளும் தத்மூரைக் காட்டின. மாதோட்டத்துக்கு அந்த அளவும் கிடைக்கவில்லை. அங்கே நிற்கும் தூண்கள் இல்லை அல்லவா! மேடு மட்டும்தான். மண்மேட்டைப் படம் எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

2002 போர்நிறுத்தத்தின்போது கோவிலுக்கு வழி ஓரளவு திறந்தது. 2009 மே மாதம் போர் முடிந்தது. இந்தியத் தொல்லியல் துறையும் மாமல்லபுரம் சிற்பக் கலைக் கல்லூரியும் இந்திய அரசின் உதவியில் கருங்கல் திருப்பணியை மேற்கொண்டன. 2015 மார்ச் 14 அன்று தலைமன்னாருக்கு ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. பாதையைப் போட்டதும் நம் நாட்டு இர்க்கான் நிறுவனம்தான். 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்தேறியது.

மறு ஆண்டு ஒரு சிறிய யாத்திரைக் குழுவுடன் நானும் போனேன். எங்கள் ஊருக்கருகே செங்கல் என்ற இடத்தில் 111 அடி உயரத்தில் ஒரு சிவலிங்கம் எழுப்பியிருக்கிறார்கள். வெளியூர் அன்பர்கள் பலரும் வந்து பார்த்திருப்பீர்கள். அதைத் தினம் பார்த்த கண்ணுக்குத் திருக்கேதீச்சரத்தில் மண்ணுக்குள்ளிருந்து வந்த அந்தப் பழைய லிங்கம் மிக எளிமையாகத் தெரிந்தது. பாலாவியின் படியில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என்னைவிட இரண்டு வயது இளையவர்.

"ஐயா இந்தியாவில எந்தப் பக்கம்?" என்றார்.

சொன்னேன். திருவனந்தபுரம் என்றதும் சிரித்தார். மண்டபத்தில் கொஞ்ச நாளும், திருச்சி கொட்டப்பட்டு முகாமில் பல வருஷங்களும் இருந்தவராம். "செல் விழத் தொடங்கினதும் காணி உறுதியையும் பிள்ளையளின்ர பிறப்புப் பத்திரத்தையும் ஒரு பையில போட்டுக்கொண்டு வெளிக்கிட்டம் ஐயா. வேற ஒண்டும் எடுக்கேல்ல" என்றார். காணி உறுதி என்பது நாம் சொல்லும் நிலப் பத்திரம். 2010-ல் திரும்பி வந்தபோது பத்திரத்தில் உள்ள நிலம் இருந்தது. வீட்டில் ஓடு, கதவு, நிலை எதுவும் இல்லை. கிணற்றுக்குள் இறங்க வேண்டாம் என்று சிவப்புப் பலகை கட்டியிருந்தார்களாம். "உறுதி இருந்தபடியால்தான் ஐயா எங்கட வளவு எங்களுக்கு வந்தது" என்று இரண்டு முறை சொன்னார். நான் வேலை பார்த்த காலத்தில் பத்திரம் தொலைந்தது என்று வந்து நின்ற மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதன் எடை எனக்குப் புரிந்தது.

அவர்தான் தண்ணீர்க் குழாய் விஷயத்தையும் சொன்னார். பத்திரிகையில் படித்திருந்தேன். ஆனால் இடத்தைக் காட்டி ஒருவர் சொல்லும்போது வேறு. 2013 டிசம்பர் 20-ம் தேதி, கோவிலுக்குப் போகும் வழியில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். நீதிமன்ற உத்தரவின்படி தோண்டியதில் எண்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. காணாமல் போனவர்களின் குடும்பங்கள் வேலி ஓரத்தில் வந்து நின்றன. தொல்லியல் துறையோ அது பழைய மயானம் என்றது. எவரும் அதோடு சமாதானமாகவில்லை.

2018-ல் மன்னார் நகரிலேயே, அரசு அங்காடியான சதொசவுக்குக் கட்டடம் எழுப்பத் தோண்டியபோது இன்னொரு புதைகுழி. முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவற்றில் குழந்தைகளும் உண்டு. 2019 தொடக்கத்தில் ஆறு மாதிரிகளை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மார்ச்சில் பதில் வந்தது. எலும்புகள் 15-ம் நூற்றாண்டுக்கும் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டவை. அதாவது சங்கிலி, போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் காலம்.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் சொல்ல அன்பர்கள் அனுமதிக்க வேண்டும். உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் மிகச் சிறிதளவு இருக்கிறது. உயிர் போனபின் அது புதிதாகச் சேராது, சிதைந்துகொண்டே போகும். பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள். எனவே முந்நூறு ஆண்டுகளில் குறைவது நூற்றுக்கு மூன்றரை பங்குதான். இத்தனை சிறிய வித்தியாசத்தை அளந்தாலும், ஏறக்குறைய 1650-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட காலத்தைத் துல்லியமாகப் பிரிப்பது கடினம். ஆனால் 1950-க்குப் பிறகு நிலைமை அடியோடு வேறு. வல்லரசுகள் வானில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் 1960-களின் நடுவில் காற்றிலிருந்த கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. அதற்குப் பின் வளர்ந்த ஒவ்வொரு உடம்பிலும் அந்த அடையாளம் இருக்கிறது. உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இருக்கிறது. ஆகவே 1990-ல் இறந்த ஒருவரின் எலும்பையும் 1600-ல் இறந்த ஒருவரின் எலும்பையும் இந்தச் சோதனை குழப்பிக்கொள்ளாது. சோதித்த அந்த மாதிரிகள் பழையவை என்றால் பழையவைதான் என்று நான் ஏற்கிறேன்.

ஏற்க முடியாதது அடுத்த படி. ஆறு மாதிரி பழையது என்பதால் முந்நூறும் பழையவை ஆகிவிடுமா? மாந்தை போன்ற மண்ணில், நூறு ஆண்டு வித்தியாசமுள்ள இரண்டு குழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது சாதாரணம். எந்த எலும்பு எந்த மண் அடுக்கில், எந்தப் பொருளோடு கிடந்தது என்று பார்த்து, அடுக்குக்கு அடுக்கு மாதிரி எடுக்க வேண்டும். காணாமல் போனவர்களின் குடும்பத்தாரும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் அந்த முடிவை ஏற்க மறுத்தபோது, அவர்களுக்கு விஞ்ஞானம் தெரியவில்லை என்று சிலர் எழுதினார்கள். என் அபிப்பிராயத்தில் விஞ்ஞானம் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர்கள் கேட்டார்கள். இன்னொன்று. அவை 1600-ம் ஆண்டின் எலும்புகள் என்றே வைத்துக்கொள்வோம். குழந்தைகள் உட்பட முந்நூறு பேர் ஏன் அப்படி ஒரே குழியில் கிடக்கிறார்கள்? அதைப் பழைய விஷயம் என்று மூடிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. பழைய விஷயத்தைத் தோண்டிப் பார்ப்பதற்காகவே ஒரு துறை இருக்கிறது.

அந்தத் துறை நல்லதும் செய்திருக்கிறது. போர் முடிந்த கையோடு, 2009-லும் 2010-லும் மாந்தை மேட்டில் மீண்டும் அகழாய்வு நடந்தது. மண்ணைத் தண்ணீரில் அலசி, மிதக்கும் கருகிய விதைகளைச் சேகரித்தார்கள். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை அரிசி. 600-ம் ஆண்டு அளவில் சேர்ந்த மிளகும் கிடைத்தது. 900-க்கும் 1100-க்கும் இடைப்பட்ட காலத்தின் கிராம்பு ஒன்றும் கிடைத்தது. கிராம்பு அப்போது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும் விளைந்தது. அத்தனை தூரம் கப்பலில் வந்து, யாரோ ஒருவர் கை தவறிக் கீழே விழுந்த ஒரு கிராம்பு. மிளகு நம் மலைச்சரிவில் விளைந்து, விழிஞத்திலோ கொல்லத்திலோ கப்பல் ஏறியதாகவும் இருக்கலாம். அந்த ஆராய்ச்சிக் கட்டுரை 2018-ல் வெளியானது. அதே ஆண்டில்தான் சதொச நிலத்தில் எலும்புகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அன்பர்கள் யாத்திரை போவதானால் கொழும்பிலிருந்து அனுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னார் சாலையில் போக வேண்டும். மன்னார்த் தீவுக்குள் நுழையும் தாம்போதிக்கு முன்பே கோவிலுக்கு வழி பிரிகிறது. மார்கழி, தை மாதங்களில் போனால் மழை முடிந்து பாலாவியில் நீர் நிறைந்திருக்கும். வேஷ்டி அவசியம். தரிசனம் முடிந்ததும் வேனில் ஏறிவிடாமல், கோவிலைச் சுற்றி அரை மணி நேரம் நடந்து பாருங்கள். முள்செடிக்கு நடுவே தரை மெல்ல உயர்ந்து வளைவது தெரியும். அதுதான் பழைய நகரம். மழைக்குப் பின் சிவப்பும் நீலப்பச்சையுமாக ஓட்டுச் சில்லுகள் மேலே வந்து கிடக்கும். எடுத்து வரக் கூடாது. சட்டப்படி குற்றம். சாலைப்பக்கம் மாந்தை மாதா கோவில் இருக்கிறது, அங்கும் போகலாம். அதற்கு அருகில் சாலை ஓரமாகக் குழாய் பதித்த இடத்தை யாராவது உள்ளூர்க்காரரிடம் கேட்டால் காட்டுவார். பலகை எதுவும் நான் போனபோது வைத்திருக்கவில்லை.